குடத்துக்காரரும் நானும்

வணக்கம். வில்லுப்பாட்டைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். நான் ஒரே குழுவில் இருக்கிற இரண்டு பேர் காதலிப்பதைப் பற்றிப் பேசப் போகிறேன். அதுவும் வில்லுப்பாட்டு சங்கதிதான்.

வில்லைத் தட்டுகிற வீசுகோல் பிடித்துக் கதை சொல்பவள் நான். பக்கத்தில் குடம், அப்புறம் உடுக்கை, ஜால்ரா, கட்டை. எல்லோருக்கும் ஒரே வேன். கொடை, அதாவது எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழா, வந்தால் சாமம் தாண்டியும் பாட்டு. இப்படிக் கண் விழித்தால் காதல் வராமல் என்ன செய்யும்? 2018இல் மறைந்த வில்லுப்பாட்டுக்காரி பூங்கனி அம்மாளின் கணவரும் குடம் வாசித்தவர்தான். எனக்கும் குடமே வாய்த்தது.

வருவதில் தப்பில்லை. ஆனால் ஒளிக்க முடியாது. குடம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு ஆடி மாதம். சேரன்மகாதேவியில் டீ குடிக்க இறங்கிய இடத்தில் எங்களுக்குள் சண்டை. அடுத்த வெள்ளிக்கு வேறொரு குழுவில் அச்சாரம் வாங்கியிருக்கிறார், என்னிடம் மூச்சு விடவில்லை. அன்று ராத்திரி சுடலைமாடன் கதை. விளக்கிலிருந்து விழுந்த பொறியைப் பார்வதி முந்தானையில் ஏந்துகிற இடம். "ஏந்தினாளே" என்று நிறுத்துகிறேன். குடத்துக்காரர் "ஆமா" போட வேண்டும். போடவில்லை. இன்னொரு தரம் "ஏந்தினாளே" என்கிறேன். ஊஹூம். குடத்தை அடிக்கிற பத்தி மட்டும் அதன் வாயில் பொத்துப் பொத்தென்று விழுகிறது. கோபத்தில் அடித்தால் குடம் அப்படித்தான், தொண்டை அடைத்துக்கொள்ளும்.

முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு ஆச்சி பொறுக்க மாட்டாமல், "ஏ குடத்துக்காரரே, ஒரு ஆமா போடுமய்யா! பிள்ள எம்புட்டு நேரந்தான் ஏந்திக்கிட்டு நிப்பா?" என்றாள். கோயில் முழுக்கச் சிரிப்பு. உடுக்கை அண்ணாச்சிதான் ஆமா போட்டுக் கதையை நகர்த்தினார்.

விடிந்ததும் அண்ணாச்சி கேட்டது ஒன்றுதான். "ஏட்டி, ரெண்டு பேருக்கும் எப்பம் கல்யாணம்?"

பாருங்கள், நாங்கள் ஒளித்ததாக நினைத்தது இரண்டு வருஷம்! அதனால் பிள்ளைகளே, கொடைக் காலம் தொடங்கும் முன்பே குழுவில் மூத்தவரிடம் சொல்லிவிடுங்கள். எப்படியும் குடம் சொல்லத்தான் போகிறது.

பிரிந்துவிட்டால் என்ன செய்வது என்று விரிவாகச் சொல்ல நினைத்தேன். ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். சரி, சுருக்கமாக. பிரிந்தால் குழுவை விட்டுப் போவது பெரும்பாலும் பெண்தான். குடத்துக்காரரை மறுநாளே வேறு குழுவில் சேர்த்துக்கொள்வார்கள், அவளைப் பற்றி ஊர் பேசும். வாங்கிய அச்சாரத்துக்கெல்லாம் இருவரும் பாடி முடிக்கட்டும், அப்புறம் அவர் கிளம்பட்டும் என்பது என் கட்சி. இதற்கு எங்கள் வீட்டுக் குடத்துக்காரர் இன்னும் ஆமா போடவில்லை. வணக்கம்.