கலந்து இருந்தால்தான் விடுதி

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

பல்கலைக்கழக விடுதியில் ஒரே ஆர்வமுள்ளவர்களை ஒன்றாக வைப்பதா, எல்லோரையும் கலந்து வைப்பதா? நான் கலக்கிற கட்சி. எதிரணி நண்பர் சற்றுமுன், "கலந்து வைத்தால் அது விடுதி இல்லை, திருநெல்வேலிச் சந்தை" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள்.

ஐயா, அந்தச் சந்தை எங்கள் யாழ்ப்பாணக் கம்பஸுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கத்தரிக்காய்க்குப் பக்கத்தில் வெங்காயம், வெங்காயத்துக்குப் பக்கத்தில் வாழைக்குலை. கத்தரிக்காய்க்கு ஒரு சந்தை, வெங்காயத்துக்கு ஒரு சந்தை, முருங்கைக்காய்க்கு ஒரு சந்தை என்று பிரித்து வைத்தால், ஒரு குழம்புக்கு அம்மா எத்தனை பஸ் ஏறுவா? சந்தை என்று சொன்னதற்கு நன்றி ஐயா. இனி அது எங்கள் அணியின் சொத்து!

எங்கள் அறையில் நாலு பேர். நான் தமிழ் படித்தேன். ஒருவன் மருத்துவ பீடம். நெடுந்தீவுப் பெடியன் புவியியல். நாலாவது ஆள் மாத்தறையிலிருந்து வந்த சிங்களப் பெடியன், விஞ்ஞான பீடம். ஒரு சனிக்கிழமை நெடுந்தீவான் ஊரிலிருந்து ஒடியல் மாவும் நண்டும் கொண்டுவந்து கூழ் காய்ச்சினான். மாத்தறையான் பிலாவிலையைக் கோலி முதல் வாய் குடித்தான். கண் சிவந்தது. இரண்டாம் வாய். மூக்கு ஓடியது. நாங்கள் தண்ணீர் எடுக்க ஓடினோம். திரும்பி வந்து பார்த்தால், அவன் பானைக்குப் பக்கத்தில் போய் இருந்துவிட்டான்! மருத்துவ பீடத்தான் "இவ்வளவு உறைப்பு வயிற்றுக்கு ஆகாது" என்று சொல்லிக்கொண்டே தன் பிலாவிலையை மறுபடி நீட்டுகிறான்.

அப்புறம்தான் கதை. தென்னையோடு வளர்ந்த மாத்தறையான், "இந்த மா எதிலிருந்து வருகிறது?" என்று கேட்டான். பனங்கிழங்கைக் காயவைத்தால் ஒடியல் என்பதில் தொடங்கி, நல்ல தண்ணீருக்குத் தவிக்கும் சுண்ணாம்புக்கல் தரையில் பனை எப்படி நிற்கிறது என்பதுவரை நெடுந்தீவான் விளக்கினான். பனையைப் பாட்டில் மட்டும் படித்த நானும் வாய் பார்த்துக்கொண்டு இருந்தேன். தமிழ் படிப்பவர்களுக்கென்று தனி விடுதி இருந்திருந்தால் இது எனக்கு எங்கே கிடைத்திருக்கும்?

"அமெரிக்காவில் இருக்கிறதே" என்றார்கள். சரி, இருக்கிறது. கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மக்களின் வாழ்வையும் வரலாற்றையும் மையமாக வைத்து 1972இல் 'உஜமா' விடுதி தொடங்கியது. ஒதுக்கப்பட்டவர்கள் தங்களுக்கென்று ஒரு கூரை கேட்டதை நான் மதிக்கிறேன். ஆனால் அதே நாட்டில், விஸ்கொன்சின் பல்கலைக்கழகம் 1927இல் ஒரு பரிசோதனைக் கல்லூரி தொடங்கியது. அதில் சேர்ந்த எல்லோருக்கும் ஒரே விடுதி, ஒரே பாடம். முதல் வருடம் எல்லோரும் பழைய ஏதென்ஸ், அடுத்த வருடம் எல்லோரும் அமெரிக்கா. சேர்கிறவர்கள் குறைந்து, 1932இல் மூடிவிட்டார்கள். அதை எதிரணி சொல்லவில்லையே!

நடுவர் அவர்களே, மாத்தறையானின் அப்பா திடீரென்று காலமானார். நாங்கள் மூவரும் இரவு பஸ்ஸில் போனோம். எங்களுக்குச் சிங்களம் வராது, அந்த அம்மாவுக்குத் தமிழ் வராது. அழுதுகொண்டிருந்தவ எங்களைக் கண்டதும் எழும்பி வந்தா. நெடுந்தீவானின் கையைப் பிடித்துக்கொண்டு மகனிடம் என்னவோ கேட்டா. அவன் எங்களுக்குச் சொன்னான்: "கூழ் காய்ச்சித் தந்த பிள்ளை இதுவா என்று அம்மா கேட்கிறா."

மரணவீட்டில் ஒரு தாய் கேட்ட கேள்வி ஐயா அது! எங்கள் பிள்ளைகளைப் பிரித்து வையாதீர்கள், கலந்து இருக்க விடுங்கள் என்று தீர்ப்புச் சொல்லுங்கள். வணக்கம்.