பால் கணக்கில் தொடங்கிய ஜீவனாம்ச மனு

வணக்கம் மக்களே. இந்த நோட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன், பாருங்கள். மகள் மூன்றாம் வகுப்பில் எழுதிய கணக்கு நோட்டு. பின்பக்கத்திலிருந்து திருப்பி நான் எழுத ஆரம்பித்தேன். முதல் வரி பால், நாளுக்கு அரை லிட்டர். அதற்குக் கீழே கேஸ் சிலிண்டர், வீட்டு வாடகை, கரண்ட் பில், ஸ்கூல் வேன், அம்மாவுக்கு சர்க்கரை மாத்திரை. 2021இல் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதியது. என் ஜீவனாம்ச வழக்கில் கடைசி வரைக்கும் கை கொடுத்தது இந்த நோட்டுதான்.

கமெண்ட்டில் நிறைய தங்கச்சிகள் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள்: "அக்கா, டைவர்ஸ் கிடைத்த பிறகுதானே ஜீவனாம்சம்?" இல்லைம்மா. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே கேட்கலாம். இந்து திருமணச் சட்டம், 1955, பிரிவு 24. அதுதான் இடைக்கால ஜீவனாம்சம். வழக்குச் செலவையும் சேர்த்துக் கேட்கலாம். தீர்ப்போடு சேர்ந்து வருவது பிரிவு 25, நிரந்தர ஜீவனாம்சம். இந்த இரண்டு பிரிவிலும் கணவனும் கேட்கலாம், மனைவியும் கேட்கலாம். சர்ச்சில் கல்யாணம் செய்தவர்களுக்கும், ரிஜிஸ்டர் ஆபீஸில் சிறப்புத் திருமணச் சட்டப்படி செய்தவர்களுக்கும் அவரவர் சட்டத்தில் மனைவி கேட்பதற்கு இதே மாதிரிப் பிரிவுகள் இருக்கின்றன.

விவாகரத்தே வேண்டாம், சாப்பாட்டுக்கு வழி வேண்டும் என்றாலும் கேட்கலாம். ஊரில் எல்லோரும் "125 போட்டிருக்கிறாள்" என்று சொல்வார்களே, அது இதுதான், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு. 2024 ஜூலை 1இலிருந்து அந்தப் பழைய சட்டம் போய், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144ஆம் பிரிவாக வந்திருக்கிறது. இதற்கு மதம் தடையில்லை. விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் இதில் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் மறுபடியும் தெளிவாகச் சொல்லிவிட்டது.

சரி, நான் செய்த தப்பைச் சொல்கிறேன். கணவர் வீட்டை விட்டு வந்ததும் நான் மனு போடவில்லை. "பெரியவர்கள் பேசிப் பார்க்கட்டும், கோர்ட்டுக்குப் போனால் ஒட்டாது" என்று பெரியப்பா சொன்னார். நானும் காத்திருந்தேன். இரண்டு முறை பேச்சுவார்த்தை, அப்புறம் ஆடி மாதம் என்று தள்ளினார்கள், அப்புறம் அவர்கள் வீட்டில் ஒரு விசேஷம். எட்டு மாதம் ஓடிவிட்டது. அந்த எட்டு மாதமும் என் தம்பி சம்பளத்தில்தான் நானும் மகளும் சாப்பிட்டோம்.

கடைசியில் இடைக்கால உத்தரவு வந்தது, எனக்கும் மகளுக்கும் சேர்த்து மாதம் 12,000. எந்தத் தேதியிலிருந்து? மனு போட்ட தேதியிலிருந்து. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லாக் கோர்ட்டுக்கும் சேர்த்து வகுத்த விதி அது. உத்தரவு வர எத்தனை வாய்தா இழுத்தாலும், மனு போட்ட நாளிலிருந்து பாக்கி கணக்காகும். அது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று எனக்கு அப்போது தெரியாது. மனுவே போடாத எட்டு மாதத்துக்கு ஒரு ரூபாய் கிடையாது. 12,000 வீதம் போட்டுப் பாருங்கள், 96,000. பெரியவர்கள் பேசட்டும், நல்லதுதான். மனு ஒரு பக்கம் நிற்கட்டும், பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும். சமாதானம் ஆனால் மனுவை வாபஸ் வாங்கிக்கொள்ளலாம்.

அதே தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது. இரண்டு பேரும் வருமானம், சொத்து, கடன், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாக எழுதிக் கொடுக்க வேண்டும். நம் மனுவுக்குப் பதில் சொல்கிறவருக்கு நான்கு வாரம்தான் அவகாசம். பத்திரங்கள் வந்த பிறகு நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் இடைக்கால உத்தரவு போடப் பார்க்க வேண்டும். இந்தப் பத்திரத்தை வக்கீல் ஆபீஸில் அவசரமாக நிரப்பிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அதற்குத்தான் இந்த நோட்டு.

என் உறவுக்காரர் ஒருவர், "நீ பிளவுஸ் தைக்கிறதை எழுதாதே, வருமானம் இல்லை என்று போடு, அப்போதுதான் நிறைய வரும்" என்றார். வக்கீலம்மா ஒத்துக்கொள்ளவில்லை. மாதம் 4,000, தீபாவளி சமயத்தில் 7,000 வரை வரும் என்று உள்ளதை உள்ளபடி எழுதினோம். குறுக்கு விசாரணையில் அவர்கள் தரப்பு வக்கீல் எடுத்த முதல் காகிதம் என்ன தெரியுமா? என்னுடைய ஜிபே வரவுகள். "தையல் கூலி" என்று வாடிக்கையாளர்கள் போட்ட குறிப்போடு. நான் மறைத்திருந்தால் அன்றைக்கே என் வார்த்தைக்கு மதிப்புப் போயிருக்கும். பொய்ப் பிரமாணம் கொடுத்தால் தனியாக நடவடிக்கையும் வரும். வருமானம் இருப்பதாலேயே ஜீவனாம்சம் கிடைக்காமல் போய்விடாது. அந்த வருமானம் போதுமா, அந்த வீட்டில் வாழ்ந்த மாதிரி வாழ முடியுமா என்றுதான் பார்ப்பார்கள்.

அவர் பக்கம் வந்த சம்பளச் சீட்டில் கையில் வருவது 19,000 என்று இருந்தது. எனக்கு மூச்சே நின்றுவிட்டது. வக்கீலம்மா பொறுமையாக ஸ்கேல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். கட்டாயமாகப் பிடிக்கிற பிஎஃப் ஒரு வரி, வருமான வரி ஒரு வரி. அதற்குக் கீழே சொசைட்டி லோன், பைக் தவணை, அவராக விரும்பிக் கூட்டிய பிஎஃப். "சட்டப்படி பிடிப்பதைக் கழிக்கலாம். இவராகப் பிடிக்கச் சொன்னதைக் காட்டி, பிள்ளைக்குக் கொடுக்கப் பணமில்லை என்று சொல்ல முடியாது" என்றார். கோர்ட்டும் அப்படித்தான் பார்த்தது.

இதில் சம்பளத்தில் 25 சதவீதம் என்ற கணக்கை எல்லோரும் சொல்கிறார்கள். 2017இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தத் தொகை நியாயமானது என்றது, உண்மை. ஆனால் அது எல்லோருக்கும் பொருந்துகிற ஃபார்முலா இல்லை. கல்யாணமாகி எத்தனை வருடம், வேலையை யாருக்காக விட்டீர்கள், வயது, உடம்பு, பிள்ளைகள், அவருக்கு வேறு யாரைப் பார்க்கும் பொறுப்பு இருக்கிறது, எல்லாம் சேர்ந்துதான் தொகை.

மொத்தத் தொகையா, மாதாமாதமா? நான் மாதாமாதம்தான் கேட்டேன். என் பெரியம்மா மகள் மொத்தமாக வாங்கினாள். அவள் அண்ணன் கடை வைக்கக் கேட்டார், இல்லை என்று சொல்ல முடியவில்லை, இரண்டு வருடத்தில் பணம் கரைந்துவிட்டது. ஆனால் மாதாமாதம் என்றால் அவர் கொடுக்காமல் இழுத்தடிக்கும் பயம் உண்டு. 2024 டிசம்பரில் கோவை குடும்ப நல நீதிமன்றத்துக்கு ஒருவர் 80,000 ரூபாயை ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயமாக மூட்டை கட்டிக் கொண்டுவந்த செய்தியைப் பார்த்திருப்பீர்கள். நோட்டாகக் கொண்டுவாருங்கள் என்று நீதிபதி திருப்பி அனுப்பினார். எனக்கு அந்தச் செய்தி மனதை அறுத்தது. அந்தப் பெண் அந்தப் பணத்துக்காக எத்தனை நாள் காத்திருந்திருப்பாள்!

கொடுக்கவில்லை என்றால் சும்மா இருக்காதீர்கள். 144இல் உத்தரவு வாங்கியவர்கள் பாக்கியை வசூலிக்க, அது விழுந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும். சம்பளத்தில் பிடிக்க வைக்கலாம், வாரண்ட் போகும், அதற்கும் கட்டாவிட்டால் சிறை கூட உண்டு. மூன்று வருடம் பொறுத்துவிட்டு மொத்தமாகக் கேட்கலாம் என்று நினைத்தால் அந்த வழியில் பழைய மாதங்கள் போய்விடும்.

பரஸ்பர சம்மதத்தில் பிரிகிறவர்களுக்கு ஒன்று. ஒப்பந்தத்தில் "இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்ற வரி இருக்கும். அந்த வரியில் பிள்ளையையும் சேர்த்திருக்கிறார்களா என்று நிதானமாகப் படியுங்கள். பிள்ளையின் பராமரிப்பு பிள்ளையின் உரிமை, அதைத் தாய் விட்டுக்கொடுக்க முடியாது. உங்கள் நகை, சீர் சாமானும் உங்களுடையதுதான், அதை ஜீவனாம்சக் கணக்கில் போட்டுக் குறைக்க விடாதீர்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று எழுதியிருந்தவருக்கு: பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100க்குப் போன் செய்தாலும் போதும்.

இந்த நோட்டில் ஒரு வரி இல்லை. கண்ணாடி. அன்றைக்கு மகளுக்குப் பார்வை நன்றாக இருந்தது. இப்போது ஏழாம் வகுப்பு, வருடத்துக்கு ஒரு முறை பவர் மாறுகிறது. ஃபீஸும் ஏறிவிட்டது. சூழ்நிலை மாறினால் தொகையைக் கூட்டச் சொல்லிக் கேட்கலாம், அவருக்கு வருமானம் குறைந்தால் அவரும் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். நான் கூட்டச் சொல்லி மனு போட்டிருக்கிறேன், கண்ணாடிக் கடை ரசீது மூன்றையும் பின் அடித்து. வருகிற புதன்கிழமை வாய்தா. போய்விட்டு வந்து என்ன நடந்தது என்று சொல்கிறேன்.