ஜேட்: பெயர் ஒன்று, கல் இரண்டு

அவையோருக்கு வணக்கம்.

பேச்சைத் தொடங்குமுன் மனத்துக்குள் ஒரு சோதனை. அடைகல்லின்மேல் ஒரு வைரத்தையும் அதே அளவு ஜேட் துண்டையும் வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்தால் எது முதலில் போகும்? வைரம்தான். வைரத்தைக் கீற இன்னொரு வைரம் வேண்டும் என்பது சரி. ஆனால் அதற்குள் பிளவுத் தளங்கள் இருக்கின்றன. அந்தத் திசையில் அடி விழுந்தால் தேங்காய்போல இரண்டாகிவிடும். ஜேட்டை நம் ஆற்றங்கரைக் குவார்ட்ஸ் கூழாங்கல்லே கீறிவிடும். சுத்தியலுக்கு மட்டும் லேசில் அசையாது. கீறலைத் தாங்குவதைக் கடினம் என்போம். அடியைத் தாங்குவதற்கு உரம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஜேட்டின் வரலாறு, அதைச் சுற்றிய நம்பிக்கை, அதில் நடக்கும் மோசடி எல்லாவற்றுக்கும் வேர் இந்த உரத்தில் இருக்கிறது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பதினாறாம் நூற்றாண்டில் நடு அமெரிக்காவுக்குப் போன ஸ்பானியர்கள், அங்குள்ள மக்கள் ஒரு பச்சைக் கல்லை விலாவிலும் இடுப்பிலும் வைத்து வலி தீர்ப்பதைப் பார்த்து, அதற்கு 'பியெத்ரா தே இஹாதா', அதாவது விலாக்கல் என்று பெயரிட்டார்கள். அது பிரெஞ்சுக்காரர் வாயில் திரிந்து 'ஜேட்' ஆயிற்று. சிறுநீரக நோய்க்கான கல் என்று லத்தீனில் எழுதியதிலிருந்து 'நெஃப்ரைட்' பிறந்தது. பிறகு சீனாவிலிருந்து வந்த பச்சைக் கல்லையும் ஐரோப்பியர் இதே பெயர்களால் அழைத்தார்கள். 1863-இல் பிரான்சின் அலெக்சிஸ் தமூர் என்ற வேதியியலாளர் பர்மாவிலிருந்து வந்த கல்லைப் பகுத்துப் பார்த்தபோதுதான் இவை இரண்டு வெவ்வேறு கற்கள் என்பது தெளிவாயிற்று. புதிதாகப் பிரித்தறிந்த கல்லுக்கு அவர் 'ஜேடைட்' என்று பெயர் வைத்தார். வேடிக்கை என்னவென்றால், ஸ்பானியர் அமெரிக்காவில் பார்த்தது ஜேடைட். சிறுநீரகப் பெயர் போய் ஒட்டிக்கொண்டதோ மற்றக் கல்லில்!

நெஃப்ரைட்டில் கால்சியம், மக்னீசியம், இரும்பு கலந்த சிலிகேட் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய நார்களாக, கம்பளியை அடித்து அழுத்தியதுபோலத் தாறுமாறாகப் பின்னிக் கிடக்கும். விரிசல் ஒரு நாரைத் தாண்டினால் அடுத்த நார் குறுக்கே நிற்கும். ஜேடைட் சோடியமும் அலுமினியமும் கொண்ட சிலிகேட். நார்களுக்குப் பதிலாக மணிமணியான படிகங்கள் ஒன்றோடொன்று பல் கோத்து நிற்கும். ஆகவே உரத்தில் நெஃப்ரைட்டும் கடினத்தில் ஜேடைட்டும் முந்தும். கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் நெஃப்ரைட் 6 முதல் 6.5, ஜேடைட் 6.5 முதல் 7. அதே கன அளவு நீரைப்போல எத்தனை மடங்கு எடை என்று பார்த்தால் நெஃப்ரைட் சுமார் 2.95, ஜேடைட் சுமார் 3.34. இந்தக் கடைசி இரண்டு எண்களையும் நினைவில் வையுங்கள், பின்னால் தராசோடு வருகிறேன்.

சீனர்கள் 'யூ' என்று கொண்டாடிய கல், அவர்களுடைய வரலாற்றின் பெரும்பகுதிக்கு நெஃப்ரைட்தான். ஹாங்சோவுக்கு அருகே லியாங்சூ என்ற இடத்தில் சுமார் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பண்பாடு செழித்திருந்தது. வெளியே சதுரம், உள்ளே வட்டத் துளை என்று அமைந்த 'சோங்' என்னும் குழல்களை அவர்கள் கல்லறைகளில் வைத்தார்கள். அங்கே கிடைத்தவற்றில் பெரியது ஒன்று 6.5 கிலோ எடை. உலோகக் கருவி இல்லாத காலத்தில் இதை எப்படிச் செய்தார்கள்? ஜேட்டை உளியால் செதுக்க முடியாது. உரமான கல் செதில் செதிலாகப் பெயராது, தேய்த்துத்தான் ஆகவேண்டும். ஈர மணலைத் தூவி, கயிற்றை முன்னும் பின்னும் இழுத்து அறுத்தார்கள். அறுப்பது கயிறு அல்ல, மணலில் உள்ள குவார்ட்ஸ். உள்ளீடற்ற குழாயை மணலோடு சுழற்றித் துளையிட்டார்கள். இரண்டு பக்கமிருந்தும் துளைத்ததால் நடுவில் ஒரு சிறு படி விழுந்திருக்கும். பழைய சோங் ஒன்றை அருங்காட்சியகத்தில் பார்க்க வாய்த்தால், துளைக்குள் அந்தப் படியைத் தேடுங்கள்.

கன்பூசியஸின் சீடர் ஒருவர், ஜேட் அரிதாகக் கிடைப்பதால்தான் சான்றோர் அதை மதிக்கிறார்களா என்று கேட்டதாகச் சீனச் சடங்கு நூல் ஒன்று சொல்கிறது. அரிது என்பதால் அல்ல என்று பதில் வருகிறது. அதன் குணங்கள் மனிதக் குணங்களை ஒத்திருப்பதால். மென்மையான வழுவழுப்பு அன்பைப் போன்றது. நெருக்கமும் உறுதியும் அறிவைப் போன்றவை. விளிம்பு இருந்தும் வெட்டாதது நேர்மை. தட்டினால் நெடிது ஒலித்துச் சட்டென நிற்பது இசை. குறை அழகை மறைக்காததும், அழகு குறையை மறைக்காததும் விசுவாசம். இதை வெறும் நீதிபோதனையாகப் படித்துக் கடந்துவிடுகிறோம். கல்லறிந்தவர் கண்ணுக்கு இது ஓர் ஆய்வறிக்கை! வழுவழுப்பு நுண்ணிய நார்களால் வருவது. விளிம்பு வெட்டாததும் அதனால்தான். கண்ணாடிபோலச் சில்லுச் சில்லாக உடையாது. ஒலியை வைத்துக் கல்லைச் சோதிப்பது இன்றும் கடைகளில் நடக்கிறது.

நம் நவரத்தினத்தில் இந்தக் கல்லுக்கு இடமில்லை. நாம் ரத்தினத்தில் ஒளியையும் நீரோட்டத்தையும் தேடியவர்கள். ஜேட் ஒளியை வாரி வீசாது, எண்ணெய் தடவியதுபோல உள்ளுக்குள் வைத்திருக்கும். இரசனை வேறு, அவ்வளவுதான்.

சீனாவை ஆண்ட ஹான் அரச குடும்பத்தார் ஜேட் உடலை அழியாமல் காக்கும் என்று நம்பினார்கள். 1968-இல் ஹெபெய் மாநிலத்தில் மான்செங் என்ற குன்றில், கி.மு. 113-இல் இறந்த லியூ ஷெங் என்ற சிற்றரசரின் கல்லறை திறக்கப்பட்டது. தலை முதல் கால்வரை ஜேட் கவசம்: 2,498 தகடுகள், அவற்றைத் தைக்கச் சுமார் 1.1 கிலோ தங்கக் கம்பி. ஒவ்வொரு தகட்டின் மூலையிலும் மணலால் துளை. உள்ளே உடல் மட்டும் மண்ணாகிப் போயிருந்தது.

நெஃப்ரைட்டின் பெரிய ஊற்று, சீனாவின் வடமேற்கில் இன்றைய ஷின்ஜியாங்கில் உள்ள ஹோத்தான். குன்லுன் மலையிலிருந்து இறங்கும் யுருங்காஷ், காராகாஷ் என்ற இரு ஆறுகள் கற்களை உருட்டி வரும். பெயர்களின் பொருளே வெள்ளை ஜேட், கருப்பு ஜேட். ஆற்றில் உருண்ட கல்லுக்கு மலையில் வெட்டிய கல்லைவிட விலை அதிகம். பலவீனமான பகுதிகளை ஆறு ஏற்கெனவே உடைத்துக் கழித்துவிட்டது என்பதே காரணம். இரும்பு குறைந்த வெண்மையில், ஆட்டுக்கொழுப்பின் பளபளப்போடு இருப்பது முதல் தரம். இரும்பு கூடக் கூடப் பச்சையாகி, கீரைப் பச்சை வரை போகும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் பதக்கங்களின் பின்புறத்திலும் ஜேட் வளையம் பதித்திருந்தார்கள்: தங்கத்துக்கு வெள்ளை, வெள்ளிக்கு வெளிர்பச்சை, வெண்கலத்துக்குப் பச்சை.

மொகலாயர் கைக்கு வந்ததும் இந்த மத்திய ஆசிய நெஃப்ரைட்தான். சமர்கந்தில் தைமூரின் கல்லறைமேல் கிடப்பது கரும்பச்சை ஜேட் பாளம். ஜேட் கோப்பை நஞ்சைக் காட்டிக்கொடுக்கும் என்று அரண்மனைகளில் நம்பினார்கள். 1657-இல் ஷாஜகானுக்காகச் செய்த வெள்ளைக் கோப்பை இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாதிச் சுரைக்காய் வடிவம், கைப்பிடி ஆட்டுத் தலை. வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குச் சுவரை மெலிதாக இழைத்தும் அது உடையாமல் நிற்பது அந்த நார்ப் பின்னலால்.

ஜேடைட்டின் கதை வேறு. கடல்தரைப் பாறைத்தட்டு இன்னொரு தட்டுக்கடியில் அமிழும் இடங்களில், அழுத்தம் மிக அதிகமாகவும் வெப்பம் ஒப்பீட்டில் குறைவாகவும் இருந்தால்தான் அது விளையும். அதனால் உலகில் சில இடங்களில் மட்டுமே கிடைக்கிறது. முதன்மையானது பர்மாவின் கச்சின் மாநிலத்தில் உள்ள பாக்கந்த். பதினெட்டாம் நூற்றாண்டு முதல் யுன்னான் வழியாகச் சீனாவுக்குப் பெருமளவில் போகத் தொடங்கியது. சீனர்கள் அதற்கு 'ஃபெய்சுய்' என்று மீன்கொத்தியின் பெயரையே வைத்தார்கள். குரோமியம் நுழைந்தால் மரகதத்தை ஒத்த 'அரசப் பச்சை'. இரும்பு நுழைந்தால் மங்கிய பச்சை. கத்தரிப்பூ நிறமும் உண்டு. கல்லின் வெளித்தோலை ஒட்டிய சிவப்பும் மஞ்சளும் இரும்புக் கறை. நிறத்துக்கு இணையாக வணிகர் பார்ப்பது படிக மணியின் நயம். கண்ணாடி, பனிக்கட்டி, பசையரிசி, அவரை என்று படிப்படியாக இறங்கும் பெயர்கள் வைத்திருக்கிறார்கள். மணிகள் பெரிதாகி அவரைக்கொட்டைபோலக் கண்ணுக்குத் தெரிந்தால் விலை விழுந்துவிடும். உச்சத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு: 2014-இல் ஹாங்காங் ஏலத்தில் 27 மணிகள் கோத்த ஒரே ஒரு மாலை 2 கோடியே 74 லட்சம் டாலருக்குப் போயிற்று. அடிமட்டத்தில் இருப்பது இது: 2020 ஜூலை 2 அன்று பாக்கந்தில் சுரங்கக் கழிவு மண்மேடு சரிந்து, கழிவில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த 170-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

அமெரிக்க ஜேடைட் குவாதமாலாவின் மோத்தாகுவா பள்ளத்தாக்கைச் சேர்ந்தது. மாயர்களுக்கு அந்தப் பச்சை, சோளத் தாளின் பச்சை, நீரின் நிறம், உயிர்மூச்சு. இறந்தவர் வாயில் ஒரு ஜேட் மணியை வைத்தார்கள். கி.பி. 683-இல் இறந்த, மாயர் நகரான பாலென்கேயின் அரசர் பகாலின் முகத்தில் ஜேட் முகமூடி இருந்ததை 1952-இல் கண்டெடுத்தார்கள். நியூசிலாந்தின் மாவோரிகளுக்கு நெஃப்ரைட் 'பொவுனாமு'. அந்நாட்டின் தெற்குத் தீவுக்கு அவர்கள் மொழியில் உள்ள பெயரே இந்தக் கல்லை வைத்து வந்தது. அவர்கள் அதில் கோடரியும் 'மேரே' என்னும் கைத்தடி ஆயுதமும் செய்தார்கள். 1997-இல் ஒரு சட்டம் அங்குள்ள கல்லின் உரிமையை மாவோரிகளில் ஒரு பிரிவினரான நைதாஹு மக்களிடம் திருப்பிக் கொடுத்தது. தைவான் நெஃப்ரைட் காதணிகள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பிலிப்பைன்ஸ், வியட்நாம், தென்தாய்லாந்து வரை பரவியிருந்தன. அதே தென்தாய்லாந்துக் கரையில்தான், சில நூற்றாண்டுகள் பின்னால், 'பெரும்பதன் கல்' என்று தமிழ் பிராமியில் பொறித்த பொற்கொல்லர் உரைகல்லும் கிடைத்தது.

பட்டறைக்கு வருவோம். இன்று வைரத்தூள்தான் கருவி. தூள் நயமாக ஆக அதன் எண் ஏறும்: 220-இல் தொடங்கி 400, 600, 1200, 3000 என்று ஏறி, கடைசியில் தோல் சக்கரத்தில் வைரப் பசையால் மெருகேற்றுவார்கள். ஒரு படியைத் தாண்டினால் அதன் கீறல் கடைசி மெருகில் பல்லைக் காட்டும். ஜேடைட்டில் வரும் வழக்கமான கோளாறு ஆரஞ்சுத்தோல்: ஒவ்வொரு மணியும் வெவ்வேறு திசை பார்த்து நிற்பதால் சில வேகமாகத் தேயும், மேற்பரப்பு குண்டும் குழியுமாகும். மென்மையான பஞ்சுச் சக்கரம் அதை மோசமாக்கும். 600-க்குத் திரும்பி மறுபடி ஏறுவதைத் தவிர வழியில்லை. நெஃப்ரைட்டில் ஆபத்து சூடு. தண்ணீர் இல்லாமல் அழுத்தித் தேய்த்தால் வெண்புள்ளி விழும். இன்னொன்று, நெஃப்ரைட்டின் தாதுக்களில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) வகையும் உண்டு. எனவே எப்போதும் ஈரத்தில் அறுக்க வேண்டும், முகமூடி கட்டாயம்.

இப்போது சந்தை. 'இந்திய ஜேட்' என்று விற்பது அவென்ச்சுரின், பச்சைக் குவார்ட்ஸ் வகை. 'மலேசிய ஜேட்' சாயமேற்றிய குவார்ட்சைட். 'டிரான்ஸ்வால் ஜேட்' ஒரு கார்னெட். 'நியூ ஜேட்' பாம்புக்கல் என்று சொல்லப்படும் செர்பென்டைன். எதுவும் ஜேட் இல்லை. உண்மையான ஜேடைட்டிலும் மூன்று தரம் உண்டு. மெழுகு மட்டும் தடவியது ஏ. அமிலத்தில் ஊறவைத்துப் பழுப்புக் கறையைக் கரைத்து, விழுந்த இடைவெளிகளில் பிசினை ஏற்றியது பி. சாயம் போட்டது சி. பி வகை கடையில் மினுக்கும். சில ஆண்டுகளில் பிசின் மஞ்சளாகும், பல் கோத்த பிடிப்பு போனதால் கல்லும் எளிதில் உடையும். பத்து மடங்கு உருப்பெருக்கியில் வறண்ட ஏரியின் பாளம்போல வலை தெரிந்தால் பி என்று சந்தேகியுங்கள். நிறம் மணிகளின் இடுக்குகளில் நரம்பு நரம்பாகத் தேங்கியிருந்தால் சி. வளையலை நூலில் தொங்கவிட்டு நாணயத்தால் தட்டினால் ஏ கணீரென்று ஒலிக்கும் என்பார்கள். அதை மட்டும் நம்பாதீர்கள்: விரிசல் உள்ள ஏ மந்தமாக ஒலிக்கும், கண்ணாடியும் கணீரென்று ஒலிக்கும். விலை பெரிதென்றால் அகச்சிவப்பு நிறமாலைச் சோதனை செய்யும் ஆய்வகச் சான்றிதழ் கேளுங்கள், அதில் பிசின் தப்பாது.

வீட்டிலேயே செய்யக்கூடியது எடைச் சோதனை. 0.1 கிராம் காட்டும் தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து அளவைப் பூச்சியமாக்குங்கள். வளையலை மெல்லிய நூலில் கட்டி, முழுக்க நனையும்படி, அடியும் பக்கமும் தொடாமல் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் வளையலின் எடையை வகுக்க வேண்டும். 60 கிராம் வளையலுக்குத் தராசு 18 காட்டினால் 3.33, ஜேடைட்டாக இருக்கலாம். 20.3 என்றால் நெஃப்ரைட். 22.6 என்றால் குவார்ட்ஸ். கல்லில் காற்றுக் குமிழி ஒட்டினால் கணக்கு தப்பும். தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டால் ஒட்டாது. கார்னெட் ஜேடைட்டுக்குக் கிட்ட வரும், பி வகையும் பெரிதாக விலகாது. ஆகவே இது போலியைக் கழிக்க உதவும் சோதனை, அசலுக்குச் சான்று தராது.

வளையலை வாங்குமுன் டார்ச் ஒளியை உள்பக்கமிருந்து பாய்ச்சிச் சுற்றிப் பாருங்கள். கோடு தெரிந்தால் அதன் குறுக்கே நகத்தை ஓட்டுங்கள். நகம் சிக்கினால் விரிசல், வாங்காதீர்கள். சிக்காமல் உள்ளே மட்டும் தெரிந்தால் பெரும்பாலும் கல் விளையும்போதே ஆறிப்போன தழும்பு. விலையைக் குறைத்துக் கேட்கலாம். இவ்வளவு உரமான கல்லும் தரை ஓட்டில் விழுந்தால் வளையலாக இருக்கும்போது உடையத்தான் செய்யும், வளையத்தின் வடிவம் அடியை ஓரிடத்தில் குவிப்பதால். சிங்கப்பூர், பினாங்கு சீனக் குடும்பங்களில் அப்படி உடைந்தால், அணிந்தவருக்கு வரவிருந்த தீங்கை வளையல் வாங்கிக்கொண்டது என்பார்கள். உடைந்த துண்டுகளைத் தங்கப் பூண் போட்டு இணைத்து, மறுபடி அதே கையில் போட்டுக்கொள்வதும் உண்டு.

நன்றி, வணக்கம்.