'தே கியெரோ'வை மட்டமாக நினைக்காதீர்கள்

வணக்கம் நண்பர்களே. ஸ்பானிஷ் படிக்க வந்திருக்கும் உங்களில் பலருடைய கைப்பேசியில் ஒரு பட்டியல் இருக்கும். ஒரு பக்கம் ஸ்பானிஷ் காதல் மொழி, எதிர்ப்பக்கம் ஆங்கிலப் பொருள். 'தே ஆமோ' என்பதற்கு நேராக ஐ லவ் யூ. 'தே கியெரோ' என்பதற்கு நேராக ஐ லைக் யூ அல்லது ஐ வாண்ட் யூ. இந்த இரண்டாவது வரியை இன்றைக்கே அடித்துவிடுங்கள். அதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன்.

'கெரேர்' என்ற வினைக்கு வேண்டும் என்ற பொருளும் உண்டு, நேசிப்பது என்ற பொருளும் உண்டு. காபிக் கடையில் 'கியெரோ உன் கஃபே' என்றால் எனக்கு ஒரு காபி வேண்டும். 'கியெரோ ஆ மி மாத்ரே' என்றால் என் அம்மாவை நேசிக்கிறேன். நடுவில் வந்த அந்தச் சின்ன 'ஆ'வைக் கவனியுங்கள். வினைக்கு இலக்காவது ஒரு மனிதர் என்றால் ஸ்பானிஷ் இலக்கணம் அதைக் கேட்கும். நம் 'ஐ' உருபு தெரிந்தவர்களுக்கு இது கஷ்டமே இல்லை. இந்த வினையின் லத்தீன் மூலத்துக்குத் தேடுவது என்று பொருள். தேடுவதில் தொடங்கி, விரும்புவதற்கு வந்து, நேசிப்பதில் நின்ற சொல் இது. எவ்வளவு அழகான பயணம்!

ஸ்பெயினில் மனைவியிடம் கணவர் சொல்வதும், பேரனிடம் பாட்டி சொல்வதும் 'தே கியெரோ'தான். பல வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். 'தே ஆமோ' அங்கே பலர் காதுக்குப் பாட்டிலும் தொலைக்காட்சித் தொடரிலும் வருகிற கனமான பேச்சாகப் படும். மெக்சிகோ, கொலம்பியா பக்கம் போனால் நிலைமை வேறு. அங்கே 'தே ஆமோ' வீட்டுக்குள்ளும் புழங்குகிறது. காதலர்களுக்குள் 'தே கியெரோ'விலிருந்து 'தே ஆமோ'வுக்குப் போவது ஒரு படி ஏறுவதுதான். அதே நாடுகளில் தோழிகள் குறுஞ்செய்தியின் முடிவில் தே, கூ, எமே (T, Q, M) என்று மூன்று எழுத்து மட்டும் போடுவார்கள். 'தே கியெரோ முச்சோ' என்பதன் சுருக்கம் அது, உன்மேல் எனக்கு ரொம்பப் பிரியம். ஆகவே யார் யாரிடம், எந்த ஊரில் என்று கேட்காமல் பொருள் எழுதவே முடியாது.

செல்லப் பெயர்களுக்கு வருவோம். 'மி விதா' என் உயிரே, 'மி சியேலோ' என் வானமே. 'விதா' பெண்பால் சொல்; ஆனாலும் ஆணைக் கூப்பிடும்போது மாறாது. அன்பே என்று கூப்பிடும் 'கரின்யோ' ஆண்பால், பெண்ணுக்கும் அதேதான். அர்ஜென்டினாவில் ஒல்லியான மனைவியையும் 'கோர்தா' என்பார்கள். குண்டு என்று பட்டியல் சொல்லும். அவர்களுக்கு அது கொஞ்சல். கியூபாவில் பழம் விற்கும் அம்மா உங்களை 'மி அமோர்', அதாவது என் அன்பே, என்று கூப்பிட்டால் பதறாதீர்கள், வாடிக்கையாளரை அப்படித்தான் கூப்பிடுவார். ஆனால் தெருவில் போகிற பெண்ணைப் பார்த்து ஆண் வீசுகிற 'பிரோப்போ' என்ற வர்ணனையை நான் காதல் மொழியில் சேர்க்க மாட்டேன். பெண்களைக் கூச வைக்கும் ஆபாசப் பேச்சை ஸ்பெயின் 2022-இல் சட்டம் போட்டே குற்றமாக்கியது.

எனக்கு மிகவும் பிடித்தது தெற்கு ஸ்பெயினில் உள்ள அந்தலூசியாவின் 'பெலார் லா பாவா'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் பெட்டை வான்கோழியின் இறகு பிடுங்குவது. அங்கே பழைய வீடுகளின் தரைத்தளச் சன்னல்களில் 'ரெஹா' என்ற இரும்புக் கம்பித் தடுப்பு இருக்கும். பெண் உள்ளே, பையன் தெருவில். அந்தக் காலத்தில் ராத்திரி நெடுநேரம் கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பேசுவார்கள். அந்தக் காதல் பேச்சுக்குத்தான் இந்தப் பெயர். வான்கோழி எப்படி வந்தது? வேலைக்காரப் பெண் ஒருத்தி சன்னலோரம் காதலனோடு பேசிக்கொண்டிருந்தாளாம். எசமானி கூப்பிட்டபோதெல்லாம் 'இதோ, இறகு பிடுங்கிக்கொண்டிருக்கிறேன்' என்றாளாம். நடந்ததோ இல்லையோ, கதை சொல்பவர்கள் இப்படித்தான் சொல்கிறார்கள்.

அந்தச் சன்னல் திறக்கவே இல்லை என்றால்? அதற்கும் பேச்சு உண்டு, 'தார் கலபாசாஸ்', பூசணிக்காய் கொடுப்பது. காதலைச் சொன்னவனை வேண்டாம் என்று அனுப்பினால் அவனுக்குப் பூசணிக்காய் கொடுத்தாள் என்பார்கள். தேர்வில் தோற்ற மாணவனுக்கு ஆசிரியர் கொடுப்பதும் அதே பூசணிக்காய்தான்.