இடம் இருக்கிறது, கோப்பு ஏறவில்லை

நேயர்களுக்கு வணக்கம்.

1860 நவம்பர் 16-ஆம் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலுள்ள டர்பன் வந்து சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு வந்தவர்கள் 1,52,184 பேர். தாத்தா, பாட்டி பெயரைத் தேடுகிற நம் பிள்ளைகள் சிலர், அந்தக் கப்பல் பட்டியல்களை ஆளுக்கொரு படமாக வெட்டிச் சேமிக்கிறார்கள். நல்ல காரியம். பாதி வழியில் லினக்ஸ் கணினி 'வட்டில் இடம் இல்லை' என்கிறது. பார்த்தால் பாதி வட்டு காலி!

கணினி பொய் சொல்லவில்லை. வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்க லினக்ஸில் பரவலாக உள்ள இஎக்ஸ்டி4 முறையில் ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோடு என்ற ஒரு பதிவு வேண்டும். மண்டபம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், எண்ணி வாங்கிய வாழையிலை தீர்ந்தால் பந்தி நின்றுவிடும் அல்லவா, அப்படித்தான். வழக்கமான அமைப்பில் 16,384 பைட்டுக்கு ஒரு ஐநோடு. வட்டில் 16 ஜிபி ஒதுக்கிய பகுதியில் சுமார் பத்தரை லட்சம். ஆளுக்கு ஒரு படம், ஒரு சிறுபடம், ஒரு குறிப்பு என்று வைத்தாலே நாலரை லட்சம் போய்விடும். மீதியைச் சத்தமில்லாமல் தின்பவை பெரும்பாலும் தற்காலிகக் கோப்புகள். வட்டின் இடக் கணக்கைக் காட்டும் 'டிஎஃப்' கட்டளையோடு 'ஹைஃபன் ஐ' சேர்த்துப் பாருங்கள், கணக்கு தெரியும். ஃபார்மேட் செய்யும்போதே இந்த எண்ணிக்கை முடிவாகிவிடுகிறது. பிறகு கூட்ட வேண்டுமானால், பகுதியையே பெரிதாக்க வேண்டும்; இல்லையென்றால் எல்லாவற்றையும் வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு மறுபடி ஃபார்மேட் செய்ய வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு முறை, தேவைக்கேற்ப ஐநோடு உருவாக்கிக்கொள்ளும். சின்னக் கோப்புகள் குவியும் வேலைக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

அப்புறம் பென் டிரைவ். அதில் ஃபேட்32 என்ற பழைய முறை இருந்தால், ஒரு ஃபோல்டரில் பெயர் எழுத 65,536 இடங்கள்தான். தமிழ்ப் பெயர் வைத்தால் அதுவும் சுருங்கும். 'முத்துசாமி' என்று எழுதி, பதிவு எண்ணும் சேர்த்தால் ஒரு கோப்பே மூன்று இடம் பிடிக்கும். இருபத்தோராயிரம் சொச்சத்தில் ஃபோல்டர் நிறைந்துவிடும். இஎக்ஸ்டி4-இல் பெயரின் நீளம் 255 பைட்டு வரை போகலாம். கண்ணுக்கு ஐந்தெழுத்தாகத் தெரியும் முத்துசாமி அங்கே 30 பைட்டு. ஊர், தகப்பன் பெயர், கப்பல் பெயர் என்று எல்லாவற்றையும் கோப்புப் பெயரிலேயே திணிக்காதீர்கள். பதிவு எண் போதும், மற்றதை ஒரு அட்டவணையில் எழுதுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டுவதும் வேண்டாம். எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை வைத்து நூறு ஃபோல்டராகப் பிரித்தால், ஒவ்வொன்றிலும் ஆயிரத்தைந்நூறு பேர் அளவில் வருவார்கள். பென் டிரைவில் தருவதானால் பல கோப்புகளை ஒன்றாக்கும் டார் கோப்பாகக் கட்டித் தாருங்கள். ஆனால் ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, துண்டு போட்டுக்கொள்ளுங்கள். பழைய குவியலை அழிக்கும்போது 'ஆர்எம்' கட்டளையும் நட்சத்திரக் குறியும் போட்டால், பட்டியல் மிக நீளம் என்று மறுத்துவிடும். கோப்புகளைத் தேடும் 'ஃபைண்ட்' கட்டளையில் 'ஹைஃபன் டெலீட்' சேர்த்தால் வேலை முடியும். அதற்கு முன் 'டெலீட்' இல்லாமல் ஒருமுறை ஓட்டி, எவையெல்லாம் அகப்படுகின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.