சட்டைக் கையில் ஒரு சரிகைக் கோடு

(வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது)

அவைத் தலைவர் அவர்களே, மழையிலும் வந்திருக்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, எனக்குத் துண்டு போர்த்திய வார்டு உறுப்பினர் அவர்களே, கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் செயலாளர் அவர்களே, வணக்கம். காயம்பட்ட வீரர்களின் அடையாளங்கள் பற்றி பிரிட்டன், ஜெர்மனி, அமெரிக்கா என்று மூன்று நாட்டுக் கதை சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

முதலில் பிரிட்டன். 1916, முதல் உலகப் போர் நடக்கிறது. காயம்பட்ட வீரனின் இடது சட்டைக் கையில், மணிக்கட்டுக்கு மேலே, இரண்டு அங்குலச் சரிகைக் கோடு ஒன்றை நெட்டுக்குத்தலாகத் தைத்தார்கள். ஒரே சண்டையில் மூன்று குண்டு பாய்ந்திருந்தாலும் கோடு ஒன்றுதான். மறுபடி போய் அடிபட்டு வந்தால் இரண்டாவது கோடு.

சரி, ஊனமாகி வீட்டுக்கு அனுப்பப்பட்டவன்? சீருடை போனால் கோடும் போச்சு. சாதாரண உடுப்பில் தெருவில் நின்ற இளைஞர்கள் கையில் "கோழை" என்று வெள்ளை இறகைத் திணித்த பெண்கள் அங்கே உண்டு. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்! அதே 1916-இல், காயத்தாலோ நோயாலோ படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களுக்கு வட்டமான வெள்ளி பேட்ஜ் வந்தது. வலது மார்பில், சாதாரண உடுப்பில் மட்டும் குத்திக்கொள்ள வேண்டும். பின்பக்கம் ஒரு எண்.

எங்கள் தெருவில் ஒரு முன்னாள் ராணுவக்காரர் இருக்கிறார். ஒரு கால் செயற்கைக் கால். பேண்ட் போட்டால் தெரியாது. ஒருநாள் டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளி சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு அம்மா ஏறினார். "கல்லு மாதிரி இருக்கே, எழுந்திரிக்க மாட்டியா?" இவர் பேசவில்லை. கண்டக்டரும் சேர்ந்துகொண்டார். பின்சீட்டுப் பையன்கள் விசிலடித்தார்கள். இவர் மெல்லக் குனிந்து, முழங்காலுக்குக் கீழே விரல் முட்டியால் தட்டினார். டொக், டொக். பஸ்ஸே அடங்கிப்போனது. அந்த அம்மா மட்டும் கேட்டார்: "எந்த ஊரு மரம் தம்பி?" ராணுவக்காரரே முதலில் சிரித்துவிட்டார். இப்போதெல்லாம் அவர் பஸ் ஏறும் முன் ஒரு கால் பேண்ட்டை மடித்து விட்டுக்கொள்கிறார்.

இன்றைக்கு அவரையும் அழைத்தேன். இந்த மண்டப வாசலில் ஏழு படி, கைப்பிடி கிடையாது. பார்த்துவிட்டு எதிர் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார். ஒலிபெருக்கியில் என்னைக் கேட்டுக்கொண்டிருப்பார். சாய்தளம் கேட்டு இது என் நாலாவது மனு. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான்... சரி, விடுங்கள்.

செயலாளர் மணியடித்துவிட்டார். ஜெர்மனி 1918-இல் காயம்பட்டவர்களுக்குக் கறுப்பு, வெள்ளி, தங்கம் என்று மூன்று நிறத்தில் பேட்ஜ் கொடுத்தது. அமெரிக்காவின் 'ஊதா இதயம்' பதக்கக் கதை அடுத்த கூட்டத்துக்கு. வார்டு உறுப்பினர் அவர்களே, மனு இதோ, பேனாவும் இதோ. கையெழுத்துப் போட்டால் இறங்கிவிடுகிறேன்.