அவன் கண்ணா, அவள் குணமா?

நடுவர் அவர்களே, மயிலாப்பூர்ப் பெருமக்களே, வணக்கம்.

மூத்த பெண் ஒருத்தியைத் தெய்வமாக நினைத்த இளைஞன் மனம் உடைந்து போகிறானே, அதற்குக் காரணம் அவன் கண்ணா, அவள் குணமா என்பது தலைப்பு. 'அவன் கண்ணே' என்ற அணியில் பேச வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் ஒரு கதை சொன்னார். திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கியிருக்கும் 23 வயதுப் பையன், தன்னைவிட இருபது வயது மூத்த பாடகியிடம் பாட்டு கற்கிறான். அவர் தோடி ராகம் பாடினால் இவனுக்குக் கண் கலங்கிவிடும். சரஸ்வதியே நேரில் வந்ததாக நினைத்தான். மார்கழிக் கச்சேரி சீசனில் ஒரு நாள் கிரீன் ரூம் வாசலில் நிற்கிறான். உள்ளே அந்த அம்மா, கையில் வெந்நீர் பிளாஸ்க்கோடு, கச்சேரி நடத்தும் சபாவின் செயலாளரிடம் போனில் கறாராகப் பேசுகிறார். "மத்தியான ஸ்லாட்லயே எத்தனை வருஷம் பாடறது? மிருதங்கக்காரருக்கு நான் கைக்காசு போட முடியாது." அவ்வளவுதான். இவரும் காசுக்காரிதான் என்று நொறுங்கிப்போய், அன்றோடு வகுப்புக்கே போகவில்லையாம். அரங்கில் சிலர் அவனுக்காக உச்சுக்கொட்டினீர்கள்.

எனக்கு அந்த அம்மாவுக்காகத்தான் மனசு வலித்தது.

மத்தியானக் கச்சேரிக்குப் பெரும்பாலும் டிக்கெட் கிடையாது. டிக்கெட், கூட்டம், பேர் எல்லாம் சாயங்காலத்துக்குத்தான். வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் கொடுத்து, ஆட்டோவுக்கும் கொடுத்த பிறகு பாடியவர் கையில் என்ன மிஞ்சும்? அவன் உருகிய தோடிக்குப் பின்னால் விடியற்காலைச் சாதகம், அதாவது பாட்டுப் பயிற்சி, இருக்கிறது. சாதகம் செய்கிற அந்த வீட்டுக்கு வாடகையும் இருக்கிறது.

இந்த ஊர் கேட்காமல் கொடுத்துவிடுமா? சென்னையின் பெரிய சங்கீத சபாவான மியூசிக் அகாடமி தொடங்கியது 1928-ல். அது தருகிற உயரிய விருதான சங்கீத கலாநிதி ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கிடைத்தது 1968-ல், எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு. 1970-ல் டி.கே. பட்டம்மாளுக்கு. கச்சேரியில் வித்வத்தைக் காட்டும் பகுதியான ராகம் தானம் பல்லவி ஆண்களுக்கே உரியது என்றிருந்த காலத்தில் அதை மேடையில் பாடிக் காட்டி, 'பல்லவி' பட்டம்மாள் என்றே பேர் வாங்கியவர் அவர். கும்பிடுவதற்கு முந்திக்கொள்கிற ஊர், உரிய இடம் தருவதற்கு இத்தனை காலம் எடுத்துக்கொண்டது. அப்புறம் அந்தப் பாடகி கறாராகக் கேட்காமல் வேறு என்ன செய்வார்?

அந்தப் பையனின் பக்தியை நான் குறைத்துப் பேசவில்லை. அந்த வயதில் வருகிற பக்தி சத்தியமானது. ஆனால் வாசலில் நின்றவனுக்குக் காசுப் பேச்சு கேட்டது, பிளாஸ்க் கண்ணில் படவில்லையே நடுவர் அவர்களே! தொண்டை கட்டியிருக்கிறது, சற்று நேரத்தில் மேடை ஏற வேண்டும். உள்ளே போய், "அம்மா, வெந்நீர் ஊத்தித் தரட்டுமா?" என்று கேட்டிருக்கலாமே!

எதிரணிக்கு ஒரே கேள்வி. அந்த அம்மா அவனுக்கு என்ன வாக்குக் கொடுத்தார்? பாட்டு சொல்லித் தருகிறேன் என்றார், தந்தார். வர்ணம் என்ற பாட்டைப் பாதி கற்றதோடு சொல்லாமல் கொள்ளாமல் நின்றுகொண்டது யார்? தீர்ப்பு எழுதும்போது நடுவர் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன். வணக்கம்.